திருப்பிவிட்ட ஆறு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து ஐந்து மாதம். பதில் போடாதது என் தப்புதான், திட்டிவிடு. இங்கே எல்லாரும் சௌக்கியம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

சிகாகோ வந்த மறுநாளே மகன் மிச்சிகன் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனான். அக்கரை கண்ணுக்கே எட்டவில்லை. மணல், அலை, காற்று எல்லாம் கடல்தான். ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன், உப்பில்லை! ஊரே குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஆற்றைப் பற்றி. முப்பது வருஷம் மதகோடு குடித்தனம் நடத்தியவனே, கேள். சிகாகோ ஆறு ஒரு காலத்தில் இந்த ஏரியில்தான் விழுந்தது. சாக்கடையும் கசாப்புக்கூடக் கழிவும் ஆற்றில், ஆறு ஏரியில், குடிதண்ணீரும் அதே ஏரியில். டைபாய்டு விடுமா? 1867இல் ஏரிக்கடியில் இரண்டு மைல் சுரங்கம் போட்டு, கரைக்கு எட்ட இருந்து தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள். போதவில்லை. கடைசியில் மேற்கே இருந்த மேட்டை அறுத்து 28 மைலுக்குக் கால்வாய் வெட்டினார்கள். 1900 ஜனவரியில் திறந்துவிட்டதும் ஆறு முதுகைக் காட்டிக்கொண்டு மிசிசிப்பி பக்கம் நடந்துவிட்டது. எல்லாம் பள்ளம் பார்த்த வாட்டம், மாப்ளே, வாட்டம்!

ஆறும் ஏரியும் சேரும் இடத்தில் முன்னும் பின்னும் கதவு வைத்த லாக் இருக்கிறது, படகை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டி. ஏரியிலிருந்து ஒரு படகு உள்ளே வந்தது. கதவு மூடியது. படகில் இருந்தவர்கள் சுவரோரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் சுவரில் இரண்டடிக்கு ஈரம் தெரிந்தது. படகு அவ்வளவு இறங்கியிருக்கிறது! கூட வா என்று எத்தனை தடவை கெஞ்சினேன், பாஸ்போர்ட் எடுக்கச் சோம்பல் உனக்கு.

அப்புறம் ஒன்று. மிசிசிப்பித் தண்ணீரைக் குடிக்கும் செயின்ட் லூயிஸ்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அவர்களுக்காக மிசூரி மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1906இல் வழக்கு தோற்றது. அதைக் கேட்டதும் உன் ஆபீஸ் வாசலில் தண்ணீர் எட்டாத கடைமடைக்காரர்கள் வந்து உட்கார்ந்த அந்த மூன்று நாள்தான் ஞாபகம் வந்தது. நீ சோற்றில் கை வைக்கவில்லை. அன்றைக்கு நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்: இங்கே சாகிறது உன் ஊர்ப் பிள்ளைகள் என்றால், அந்த மேட்டை நீ வெட்டியிருப்பாயா?

உடனே எழுது.

உன்
மாப்ளே