கோயில் தானாக மூழ்கவில்லை

ஆசிரியருக்கு,

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கி, பண்ணவாடியில் நந்தி சிலையும் சர்ச் கோபுரமும் வெளியே தெரிவதைப் படத்துடன் போட்டிருந்தீர்கள். அடிக்கடி வருகிற படம்தான். 'நீரில் மூழ்கிய கோயில்' என்று கீழே எழுதியிருந்ததுதான் உறுத்தியது. வெள்ளமா வந்தது? 1925இல் வேலை தொடங்கி 1934இல் திறந்த அணைக்காக ஆட்களைக் கிளப்பிவிட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள். நீர்த்தேக்கத்துக்குக் கவர்னர் ஸ்டான்லியின் பெயர் இருக்கிறது. மூழ்கடித்த நாயம்பாடி, சாம்பள்ளி என்ற ஊர்களின் பெயர்களை அந்தப் படத்துக்குக் கீழே நான் பார்த்ததில்லை.

என் அப்பாயி அப்போது பாவாடை கட்டிய சிறுமி. வீட்டைப் பிரித்து, கதவு நிலையை மட்டும் வண்டியில் ஏற்றிக் கொளத்தூர்ப் பக்கம் வந்தார்களாம். அந்த நிலை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. உயரம் குறைவு. வீட்டை இரண்டு முறை மாற்றிக் கட்டியும் அதைக் கழற்ற அப்பாயி விடவில்லை. குனியாமல் நுழைந்த மாப்பிள்ளைகள் நெற்றியில் வாங்கிக்கொண்டார்கள். நந்தி தெரிகிற வருடம் கரையில் உட்கார்ந்து, "அதுக்கு மேக்கால நம்ம களம்" என்று கையைக் காட்டுவார். எங்களுக்குச் சேறுதான் தெரியும்.

எல்லாரும் பக்கத்திலேயே தங்கிவிடவில்லை. சிலர் கொள்ளேகால் வட்டத்து மார்டள்ளிக்குப் போனார்கள். அப்போது அது கோயம்புத்தூர் மாவட்டம். 1956இல் மாநிலம் பிரித்தபோது மைசூரோடு சேர்ந்துவிட்டது. ஊரைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு, இருந்த இடத்திலேயே மாநிலமும் மாறிப்போனது. காவிரித் தகராறு வரும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைப்புதான்.

தண்ணீர் இறங்கினால் அந்தச் சேற்றில் சோளமும் எள்ளும் விதைக்கிறோம். அணை நிலம், பட்டா கிடையாது. குடகில் மழை என்று உங்கள் பேப்பரில் படித்தால் அரிவாளைத் தேட வேண்டியதுதான். கதிர் முற்றாவிட்டாலும் மாட்டுத் தீவனத்துக்காவது ஆகும்.

ஜூன் 12இல் டெல்டாவுக்குத் தண்ணீர் திறந்து பூத் தூவுவதில் எங்களுக்கு வருத்தமில்லை. தஞ்சாவூர் அரிசியை நாங்களும்தான் பொங்கித் தின்கிறோம். பண்ணவாடிப் பரிசல் துறையில், மூழ்கடித்த ஊர்களின் பெயர்களை எழுதி ஒரு பலகை வைக்கலாம். அடுத்த முறை படம் போடும்போது நீங்களும் அந்தப் பெயர்களைச் சேர்க்கலாம். பலகைக்காக ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். "உங்க ஊர் அங்கதான் இருந்துச்சுங்கிறதுக்கு ஆதாரம் ஏதாவது கொண்டாங்க" என்றார்கள். சரி, கதவு நிலையைத்தான் கழற்றி எடுத்துப் போக வேண்டும்.

- ஒரு வாசகர்,
கொளத்தூர், சேலம் மாவட்டம்.