தேர்தல் ஆணையர் ஓய்வுபெற்ற மறுநாள்: தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்களவை உறுப்பினர்கள் 39 பேருக்கும் மாநிலங்களவை உறுப்பினர்கள் 18 பேருக்கும்,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். தேர்தல் பணியை 1996இல் ஈரோட்டுப் பக்கம் வாக்குச்சாவடி அலுவலராகத் தொடங்கினேன். பக்கத்தில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டே புத்தகமாக அச்சான ஆண்டு அது. கடைசிப் பணி 2021 சட்டமன்றத் தேர்தல். தலைமை அலுவலராக இருந்த நான், மாலை ஆறு மணிக்கு மேல் கொரோனா நோயாளிகள் வாக்களிக்க வருவார்கள் என்று கவச உடையை மாட்டிக்கொண்டு வியர்வையில் ஊறிக் கிடந்தேன்.

தேர்தல் ஆணையர்கள் ஓய்வுபெற்றதும் தேர்தலில் நிற்பதும் அரசுப் பதவிக்குப் போவதும் பற்றித்தான் இந்த மடல். அதற்கு வருமுன் என் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்த சமயம், ஒரு கட்சியின் கிளைச் செயலாளர் வந்தார். என்னிடம் படித்தவர். "சார், நம்ம பூத்துக்கு நீங்களே ஏஜெண்டா உட்காருங்க. ரூல்ஸ் எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்குத் தெரியும்?" என்றார். நான் ஓய்வு பெற்றாகிவிட்டது. 2021இல் பணி செய்ததோ பக்கத்துத் தொகுதியில். சட்டப்படி ஒரு தடையும் இல்லை. அந்தக் கட்சிமேல் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மாட்டேன் என்றேன்.

காரணம் ஒரு மனிதர். 2021இல் என் சாவடியில் எதிர்க்கட்சி முகவராக இருந்தவர். விடிகாலை ஐந்தரை மணி மாதிரி வாக்குப்பதிவில் 50 வாக்குகளையும் போட்டு, எண்ணி, சரிபார்த்த பிறகும், "விவிபேட் சீட்டை இன்னொரு தரம் எண்ணுங்க சார்" என்றவர் (போட்ட வாக்கைக் காட்டும் அச்சுச் சீட்டு அது). எண்ணிக் காட்டினேன். ராத்திரி, பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி நகலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, "நல்லபடியா நடந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றும் வாரச் சந்தையில் பார்த்தால் பேசுவார். நான் ஒரு கட்சி வேட்பாளரின் முகவராக உட்கார்ந்தால், அவர் மனதில் எந்தக் கேள்வி எழும்? "அன்னைக்கே சார் அவங்க ஆளுதானோ?" என்பதுதான். 2024இல் நான் செய்யும் வேலை 2021இல் அவர் போட்ட கையெழுத்தை அரித்துவிடும்.

வரப்புத் தகராறில் இரு தரப்பையும் நிற்கவைத்து எல்லைக்கல் நட்ட பெரியவர், அடுத்த ஆண்டே அதில் ஒருவரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தால் ஊர் என்ன பேசும்? கல் நேராகவே நட்டிருக்கலாம். ஆனாலும் அன்றைக்குப் பிறகு அது கோணலாகத்தான் தெரியும்.

எங்களைப் போன்ற கீழ்நிலை ஊழியர்களுக்குச் சட்டம் கறாரானது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 129ஆம் பிரிவின்படி, தேர்தல் பணியில் இருப்பவர் ஒரு வேட்பாளருக்கு ஆதரவாக வேலை செய்தால் ஆறு மாதம் வரை சிறை. அரசு ஊழியர் எவரும் வேட்பாளரின் முகவராக உட்கார்ந்தால் 134ஏ பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை. பயிற்சி வகுப்பில் கட்சிக்காரர் கையால் காபிகூட வாங்கிக் குடிக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்வார்கள். நாங்களும் கையோடு கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தையே மூன்று வேளையும் தின்றிருக்கிறோம். சரியான விதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஏணியில் மேலே ஏற ஏற விதி மெலிந்துகொண்டே போய், தலைமைத் தேர்தல் ஆணையர் ஓய்வுபெறும் நாளில் காணாமலே போய்விடுகிறது. அவர் திங்கட்கிழமை பணி முடித்துச் செவ்வாய்க்கிழமை ஒரு கட்சியின் வேட்பாளராகலாம். அரசியல் சட்டத்தின் 324ஆவது பிரிவு தடுக்கவில்லை, வேறு எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

இது கற்பனை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷன் 1996 டிசம்பரில் பதவியிலிருந்து இறங்கினார். ஏழாவது மாதம், 1997 ஜூலையில், சிவசேனையின் ஆதரவோடு குடியரசுத் தலைவர் தேர்தலில் கே.ஆர். நாராயணனை எதிர்த்து நின்றார். 1999இல் காந்திநகரில் பாஜகவின் எல்.கே. அத்வானியை எதிர்த்துக் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். இரண்டிலும் தோல்வி. தோற்றதைச் சொல்லிக்காட்ட நான் இதை எழுதவில்லை. 1991இல் அதே காந்திநகரில் அத்வானி வென்ற தேர்தல் நடந்தது சேஷன் தலைமையில்தான். அந்தத் தேர்தலில் ஆட்சியைப் பிடித்து 1996 வரை ஆண்ட கட்சி எதுவோ, அந்தக் கட்சியின் சின்னத்தில்தான் 1999இல் அவர் நின்றார். சேஷனை நான் மதிப்பவன். என் முதல் தேர்தல் அவர் காலத்தில் நடந்தது. சுவர் விளம்பரமும் ஒலிபெருக்கியும் அடங்கி ஊரே அமைதியாக இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். அப்படிப்பட்டவரின் ஐந்தாண்டு, ஆறாண்டு உழைப்பின் மேலேயே பின்னால் ஒரு சந்தேகம் விழ முடியும் என்றால், சாதாரண ஆணையர் ஒருவரின் கதி என்ன?

அவருக்குப் பின் வந்த எம்.எஸ். கில் 2001 ஜூனில் ஓய்வு பெற்றார். மூன்று ஆண்டு முடியுமுன்னே, 2004இல், பஞ்சாபிலிருந்து காங்கிரஸ் சார்பில் மாநிலங்களவைக்குப் போனார். 2008இல் மத்திய அமைச்சரானார். தேர்தலில் நிற்காமலே பதவிக்குப் போகும் வழி இன்னும் பழையது. 1985 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த ஆர்.கே. திரிவேதி 1986இல் குஜராத் ஆளுநர். 1990 கடைசியில் சில வாரங்கள் அந்தப் பொறுப்பில் இருந்த வி.எஸ். ரமாதேவி பின்னாளில் இமாசலத்துக்கும் கர்நாடகத்துக்கும் ஆளுநர். இவர்களில் யாரும் தவறு செய்தார் என்று நான் சொல்லவில்லை. அன்றும் இன்றும் எல்லாம் சட்டப்படி சரி. சட்டத்தில்தான் ஓட்டை.

இந்த ஓட்டை யாருக்கும் தெரியாமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1990இல் அன்றைய சட்ட அமைச்சர் தினேஷ் கோஸ்வாமி தலைமையிலான தேர்தல் சீர்திருத்தக் குழு, ஆணையர்கள் ஓய்வுக்குப் பின் அரசின் எந்தப் பதவிக்கும், ஆளுநர் பதவி உட்படக் குடியரசுத் தலைவர் நியமிக்கும் எந்தப் பதவிக்கும் போகக் கூடாது என்று எழுதி வைத்தது. நம் இரா. செழியன் அந்தக் குழுவில் இருந்தார். அத்வானியும் இருந்தார்! அந்தப் பரிந்துரை பதவிகளைப் பற்றித்தான் பேசியது, தேர்தலில் நிற்பதைப் பற்றி அல்ல. ஒன்பது ஆண்டு கழித்துத் தன் தொகுதியிலேயே ஒரு முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் வந்து நிற்பார் என்று அத்வானிகூட அன்று நினைத்திருக்க மாட்டார்.

தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஓய்வுக்குப் பின் மத்திய, மாநில அரசுகளில் எந்தப் பதவியும் ஏற்க முடியாது என்று அரசியல் சட்டத்தின் 148ஆவது பிரிவே சொல்கிறது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத் தலைவருக்கும் 319ஆவது பிரிவில் அதே தடை. கணக்குப் பார்ப்பவருக்கும் பரீட்சை நடத்துபவருக்கும் இருக்கிற தடை, ஆட்சியையே தீர்மானிக்கிற தேர்தலை நடத்துபவருக்கு இல்லை. பக்கத்து வீடுகளில்கூட இருக்கிறது. வங்கதேசத்தில் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர் பிறகு அரசுப் பணிக்கே வர முடியாது. பாகிஸ்தானில் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்த நாடுகளின் தேர்தல்கள் நம்முடையதைவிடச் சிறந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. சட்டப் புத்தகத்தில் அந்த வரியாவது இருக்கிறது என்கிறேன்.

உங்கள் அவைகளே இயற்றிய சட்டம் ஒன்றும் இருக்கிறது. ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் அமைப்புக்கான 2013ஆம் ஆண்டின் சட்டம், 9ஆவது பிரிவு. லோக்பால் தலைவரோ உறுப்பினரோ பதவி விலகிய பிறகு அரசின் ஆதாயப் பதவி எதையும் ஏற்கக் கூடாது. ஐந்து ஆண்டுகளுக்குக் குடியரசுத் தலைவர் தேர்தலிலிருந்து பஞ்சாயத்துத் தேர்தல் வரை எதிலும் போட்டியிடக் கூடாது. வார்த்தை வார்த்தையாக யோசித்து எழுதியிருக்கிறார்கள். பத்து ஆண்டு கழித்து, 2023 டிசம்பரில், தேர்தல் ஆணையர்களின் நியமனம், பணி நிலை பற்றித் தனிச் சட்டமே கொண்டுவந்தீர்கள். தேர்வுக் குழுவில் தலைமை நீதிபதி வேண்டுமா, அமைச்சர் வேண்டுமா என்று அவை அதிர்ந்தது. பணியில் செய்த செயலுக்காக ஆணையர்மேல் பிற்காலத்திலும் வழக்கு வராதபடி 16ஆவது பிரிவில் பாதுகாப்பும் கொடுத்தீர்கள். ஓய்வுக்குப் பின் அவர் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. உள்ளே வரும் வாசலைப் பற்றி அத்தனை சண்டை போட்டவர்கள் வெளியே போகும் வாசலைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இதில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று நான் பிரிக்கவில்லை. பழைய உதாரணங்களில் இருப்பது எந்தக் கட்சி என்று மேலே பார்த்தீர்கள். நாளை வேறு கட்சியாக இருக்கலாம்.

"தேர்தலில் நிற்பது குடிமகனின் உரிமை, அதை எப்படிப் பறிப்பது?" என்று உங்களில் வழக்கறிஞர்கள் கேட்பீர்கள். பதில் நம் நாமக்கல்லிலேயே இருக்கிறது. நாமக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளுபடியான என்.பி. பொன்னுசாமியின் வழக்கில், 1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: தேர்தலில் நிற்கும் உரிமை சட்டம் தந்த உரிமை, சட்டம் விதிக்கும் வரம்புக்கு உட்பட்டது. நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தகுதியின்மையைச் சேர்க்கலாம் என்று 102ஆவது பிரிவும் சட்டமன்றங்களுக்கு 191ஆவது பிரிவும் வழி வைத்திருக்கின்றன.

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடவும் முடியாது. அரசு அதிகாரிகள் ஓய்வுபெற்றதும் தேர்தலில் நிற்பதற்கு இடைவெளி வேண்டும் என்று கேட்ட மனுவை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அது சட்டமியற்றும் அவையின் வேலை என்றது. (அந்த அமர்வுக்குத் தலைமை வகித்த நீதிபதி 2023 ஜனவரியில் ஓய்வு பெற்றார், அடுத்த மாதமே ஆந்திராவின் ஆளுநரானார். நீதிபதிகளின் கதை தனி மடலுக்கானது, விட்டுவிடுகிறேன்.)

நான் கேட்பது கொஞ்சம்தான். லோக்பால் சட்டத்தின் 9ஆவது பிரிவை அப்படியே எடுத்து 2023 சட்டத்தில் வையுங்கள். ஏன் ஐந்து ஆண்டு? ஓர் ஆணையர் நடத்திய தேர்தலில் உருவான மக்களவையின் ஆயுள் அதற்குள் முடிந்துவிடும். அவர் யாருக்குச் சாதகமாக நடந்தார் என்று சந்தேகப்பட்டாலும், அந்த லாபத்தைக் கையில் வைத்திருக்கும் அவை அப்போது இருக்காது. மாநிலங்களவை நியமனம், தூதர் பதவி எல்லாம் இதில் வரட்டும். ஆளுநர் பதவிக்கு அரசியல் சட்டத் திருத்தமே தேவைப்படலாம், அதையும் கேளுங்கள். உள்ளாட்சித் தேர்தல் நடத்தும் மாநிலத் தேர்தல் ஆணையர்களை மறக்காதீர்கள். ஊருக்குள் சந்தேகம் அதிகம் கிளம்புவது அங்கேதான்.

கட்சி உறுப்பினர் அட்டை வாங்குவதையோ, மேடையில் பேசுவதையோ, பத்திரிகையில் எழுதுவதையோ தடுக்கச் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற ஆணையர்கள் தேர்தல் சீர்திருத்தம் பற்றிப் பேசுவது நாட்டுக்கு வேண்டும். வாயை அடைக்கிற சட்டம் நீதிமன்றத்திலும் நிற்காது. அந்த ஐந்து ஆண்டும் அவருக்கு நஷ்டம் என்றால் ஓய்வூதியத்தைக் கூட்டிக் கொடுங்கள். எங்கள் வரிப்பணம்தான், நான் முணுமுணுக்க மாட்டேன்.

அரசு கொண்டுவராது என்று உங்களுக்குத் தோன்றினால், அமைச்சர் அல்லாத உறுப்பினரே கொண்டுவரும் தனிநபர் மசோதா இருக்கிறது. விடுதலைக்குப் பின் அப்படிச் சட்டமானவை 14 மட்டுமே, கடைசியாக 1970இல், என்பதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். திருநங்கையர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது தேறவில்லை. ஆனாலும் பேச்சு நிற்காமல், 2019இல் அரசே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டி வந்தது. அது அவர் கேட்ட மாதிரி இல்லை என்பது வேறு விஷயம்.

அறிமுகத்துக்கு ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம் தனிநபர் அலுவலுக்கு ஒதுக்குகிறார்கள். உங்கள் 57 பேரில் ஒருவர் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், அந்த வெள்ளிக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டுச் சன்சத் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பேன். சந்தையில் பார்க்கும் அந்த முகவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், முன்னாள் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்,
ஈரோடு மாவட்டம்.