நிலா எந்தப் படைக்கு விண்ணப்பிக்கலாம்?

நார்ஃபோக், வர்ஜீனியா

அன்புள்ள கல்யாணி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்தபிறகுதான் மனம் நிம்மதியானது. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் ஆர்.ஓ.டி.சி.யில், அதாவது கல்லூரிப் படிப்போடு படை அதிகாரியாகப் பயிற்சி தரும் அமெரிக்கத் திட்டத்தில், மூன்றாம் ஆண்டை முடிக்கப்போகிறான். வரும் கோடையில் கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸ் ராணுவத் தளத்தில் பயிற்சி முகாம். அதற்காக இப்போதே முதுகுப்பையில் எடையை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மைல்கணக்கில் நடக்கிறான். விடுமுறைக்கு வந்திருந்தபோது பார்த்தேன், கால் கட்டைவிரல் நகம் கறுத்துக் கழலும் நிலையில் இருந்தது. எண்ணெய் தடவிவிடக்கூட விடவில்லை.

நிலாவும் இந்தப் பாதையில் வர ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷமாக இருக்கிறது. எந்தப் படை என்பதில் வீட்டில் தினமும் விவாதம் என்கிறாய். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். விண்ணப்பிக்கும்போதே ஒரே படையோடு நின்றுவிட வேண்டியதில்லை. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் இந்தத் திட்டத்தில் தனித்தனியாகக் கல்லூரி உதவித்தொகை தருகின்றன, மூன்றுக்கும் போடலாம். கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் மரைன் படைக்குப் போக விரும்புகிறவர்கள் கடற்படை விண்ணப்பத்திலேயே அந்தப் பிரிவைக் குறிப்பிட வேண்டும். 2019-இல் தொடங்கிய விண்வெளிப் படைக்கு வழி விமானப்படைத் திட்டம்தான். ஆனால் இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தால் அன்றைக்கு முடிவெடுத்துத்தானே ஆக வேண்டும்? அதற்கான யோசனை இப்போதே நடக்கட்டும்.

விமானம் ஓட்ட வேண்டும் என்பது அவள் கனவு, அதனால் விமானப்படைதான் என்கிறாள், இல்லையா? இந்த இடத்தில்தான் நீ அவளோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேச வேண்டும். உதவித்தொகை கிடைப்பது ஒன்று, விமானி இருக்கை கிடைப்பது வேறு. என்ன வேலை என்பது கல்லூரிப் படிப்பின் கடைசிக் கட்டத்தில்தான் முடிவாகும். மதிப்பெண், உடற்தகுதி, மேலதிகாரியின் மதிப்பீடு, மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அந்த ஆண்டு படைக்கு யார் தேவையோ அதன்படி ஒதுக்குவார்கள். விமானப்படையில் சேர்ந்தவள் வடக்கு டகோட்டாவில் மைனட் தளத்துக்குப் போய், நிலத்துக்கு அடியில் ஓர் அறையில் இன்னோர் அதிகாரியோடு ஏவுகணைக் காவலில் உட்கார நேரலாம். அதுவும் நாட்டுக்கு மிக முக்கியமான பணிதான். ஆனால் நிலா அதை மனதாரச் செய்வாளா?

நான் கேட்கச் சொல்வது இந்த ஒரு கேள்வியைத்தான்: ஆசைப்பட்ட வேலை கிடைக்காமல் மூன்றாவதாக எழுதிக்கொடுத்த வேலை கிடைத்தாலும் எந்தப் படையில் நீ சந்தோஷமாக இருப்பாய்? அதற்கு அவள் சொல்லும் பதில்தான் அவளுடைய படை. பறப்பதற்கென்றால் தரைப்படையில் ஹெலிகாப்டர்கள் இருக்கின்றன, கடற்படையிலும் மரைனிலும் விமானிகள் இருக்கிறார்கள். ஆகவே பறக்கும் ஆசையை மட்டும் வைத்துப் படையைத் தீர்மானிக்க முடியாது.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், போர்க்கப்பலில் இளநிலை அதிகாரி. கப்பல் கடலில் இருக்கும்போது நள்ளிரவுக் காவல் முடித்து, கொஞ்சம் கண்ணயர்ந்து, மறுபடியும் தன் பிரிவு மாலுமிகளின் வேலையைப் பார்க்க எழுந்துவிட வேண்டும் என்பாள். மாதக்கணக்கில் வீட்டு முகம் பார்க்க முடியாது. கப்பல் திரும்பி வந்த நாளில் நானும் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். வெள்ளைச் சீருடையில் மேல்தளத்தின் விளிம்பு நெடுக வரிசையாக நிற்கிறார்கள். கீழே கைக்குழந்தைகளோடு மனைவிமார்கள். கடலில் இருந்தபோது குழந்தை பிறந்த தகப்பன்மார்களைத்தான் முதலில் இறக்கிவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது. அவளுக்கு அந்த வாழ்க்கை உயிர். என் மகனுக்கோ மண்ணில் கால் பாவினால்தான் நிம்மதி, அதனால் அவன் தரைப்படைக்குப் போனான்.

இன்னொன்று, நிலா வரலாறு படிக்க விரும்புகிறாள் என்றாய். கடற்படை தன் உதவித்தொகையில் பெரும்பகுதியைப் பொறியியல், அறிவியல், கணிதம் படிப்பவர்களுக்கே தருகிறது. வரலாறு எடுத்தாலும் கால்குலஸும் இயற்பியலும் ஓராண்டு படித்தே தீர வேண்டும். தரைப்படை இதில் தாராளம். காலின் பவல் நியூயார்க் சிட்டி காலேஜில் பொறியியலை விட்டுவிட்டு, பாறைகளைப் பற்றிய ஜியாலஜி படித்தவர். அங்கே ஆர்.ஓ.டி.சி. வழியாக 1958-இல் அதிகாரியாகி, பின்னாளில் அமெரிக்காவின் முப்படைத் தளபதிகள் குழுவுக்கே தலைவரானார்.

கல்லூரியில் நாம் என்.சி.சி.யில் இருந்தோம், பரேடு முடிந்ததும் டிபன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டோம். இது அப்படியில்லை. உதவித்தொகை வாங்கினால் தரைப்படையிலும் விமானப்படையிலும் பொதுவாக நான்கு ஆண்டு, கடற்படையில் ஐந்து ஆண்டு முழுநேரப் பணி. தேவைப்பட்டால் மட்டும் கூப்பிடும் ரிசர்வ் காலத்தையும் சேர்த்தால் மொத்தம் எட்டு. விமானப்படை விமானியானால் பயிற்சி முடிந்த பிறகு பத்து ஆண்டு. முதலாண்டு முடிவதற்குள் பிடிக்கவில்லை என்று விலகினால் கடன் இல்லை. இரண்டாம் ஆண்டில் கால் வைத்துவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டிவரும், அல்லது சாதாரணச் சிப்பாயாகச் சேர வேண்டிவரும். இதை அவளே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

அவளுக்குப் பள்ளி நாட்களில் இன்ஹேலர் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. பதின்மூன்று வயதுக்குப் பிறகும் ஆஸ்துமா இருந்திருந்தால் மருத்துவப் பரிசோதனையில் தடை வரும். விதிவிலக்கு கேட்க வழி உண்டு. பழைய மருத்துவச் சீட்டுகளை எல்லாம் இப்போதே திரட்டி வை, எதையும் மறைக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், அவளுடைய படிப்பையும் மனிதர்களோடு பழகும் குணத்தையும் வைத்துத் தரைப்படையை முதலில் எழுதச் சொல்வேன், விமானப்படையை அடுத்ததாக. ஆனால் நான் சொல்வதைவிட அங்கேயே இருப்பவன் சொல்வது மேல். ஞாயிற்றுக்கிழமை மாலையில் என் மகன் ஓய்வாக இருப்பான். நிலாவைக் கூப்பிடச் சொல். கூச்சப்படாமல் எல்லாவற்றையும் கேட்கட்டும். அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு.

அன்புடன்,
வசந்தா