பாப்பாவின் ரிப்போர்ட்

சேகர்,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. திட்டிக்கொள், நேரில் வரும்போது வட்டியோடு வாங்கிக்கொள்கிறேன்.

கர்ப்பமாக இருக்கும் உன் மகள் பாப்பாவுக்கு மஞ்சள் காமாலை என்று எழுதியிருக்கிறாய். கண் மஞ்சளாகவே இல்லையே! ரிப்போர்ட்டில் இருப்பது ஹெபடைட்டிஸ் பி. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் வைரஸ்கள் ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து. ஏ-யும் இ-யும் அசுத்தமான தண்ணீரில் வந்து, பெரும்பாலும் சில வாரத்தில் தானாகப் போய்விடும். கீழாநெல்லிக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்த ஏ-தான். ஆனால் கர்ப்பிணிக்கு இ வந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் பாப்பாவுக்குக் கொதித்த தண்ணீர்தான். சி ரத்தத்தில் பரவும், தடுப்பூசி கிடையாது, ஆனால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் தீர்ந்துவிடும். பி-யும் ரத்தத்தில் பரவும், ஆனால் மற்றதில் நேர்மாறு: தடுக்க ஊசி உண்டு, அடியோடு துடைக்க மருந்து இல்லை. டி இந்த பி-யின் முதுகில்தான் ஏறும், பி இல்லாதவருக்கு வராது.

மாப்பிள்ளையிடமிருந்துதான் தொற்றியது என்று சந்தேகப்பட்டு ஏதோ பேசினாயாமே, புத்தி கெட்டவனே. வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட உடம்பில் தங்காது. பிறக்கும்போதே தொற்றினால் பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்குத் தங்கிவிடும். பாப்பா பிறந்தபோது இந்த ஊசி அரசு அட்டவணையில் கிடையாது. அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியது நீயும் லட்சுமியும். மாப்பிள்ளைக்கும் பார்த்துவிட்டு, நெகட்டிவ் என்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி.

பாப்பாவுக்கு எட்டாவது மாதம் நெருங்குகிறது. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் வைரல் லோடு டெஸ்ட் இந்த வாரமே எடுக்கச் சொல். ஒரு மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால், குழந்தைக்குத் தொற்றாமல் இருக்க, வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையை 28 வாரத்திலிருந்து தொடங்குவார்கள்.

பிரசவத்தன்று, பிறந்த 12 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு இரண்டு ஊசி: ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின், அதாவது பி-யை உடனே எதிர்க்கும் தயார் நிலை எதிர்ப்புப் புரதம். இரண்டாவதுதான் தலைவலி. விலை அதிகம், பல ஆஸ்பத்திரிகளில் கையிருப்பில் இருக்காது. ஞாயிறு ராத்திரி வலி எடுத்தால் எங்கே ஓடுவாய்? இப்போதே கேட்டு எழுதி வாங்கு. வாங்கி வைப்பதானால் 2 முதல் 8 டிகிரிக்குள். ஃப்ரீசரில் வைத்தால் வீண். பிறகு 6, 10, 14 வாரத்தில் பி-யும் சேர்ந்த பென்டாவேலன்ட் தடுப்பூசி, ஒன்பதாவது மாதத்துக்குப் பிறகு குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை. பிறந்தவுடன் போடும் இரண்டு ஊசியும் போட்டாயிற்று என்றால் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம்.

சம்பந்தியம்மா பாப்பாவின் தட்டைத் தனியாக வைத்திருக்கிறாராம். தட்டை விட்டுவிட்டு, பிரஷ்ஷையும் பிளேடையும் தனியாக வைக்கச் சொல்.

லோடு எண் வந்ததும் எழுது, வாட்ஸப்பில் மங்கலாகப் படம் அனுப்பாதே.

உன்,
ராமு