நிற்கிற பேண்டு, நடக்கிற கூட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ போனில் சொன்ன சேதியை அம்மா இரண்டு நாளாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஜூன் 21, அங்கே ஊரெல்லாம் தெருவில் வாசிக்கிற இசை விழா நாள்; அன்று சாயங்காலம் பாரிஸில் ஃபோபூர் சேன்தெனி தெருவில், சிநேகிதன் கடை வாசலில் உங்கள் குழு வாசிக்கப் போகிறது. சந்தோஷம். ஆனால் நீ சொன்ன விதம் காதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "காசெல்லாம் கிடையாதுப்பா, சும்மா தெருவுலதான்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாய். தெருவில் வாசிப்பதைப் பற்றி என்னிடமா குரலைத் தாழ்த்துவது?

உனக்குப் பதினாலு வயசு இருக்கும்போது நடந்தது இரண்டு பேருக்குமே மறக்கவில்லை என்று நினைக்கிறேன். வில்லியனூர் மாதா கோயில் தேர்ப்பவனியில் என் பேண்டு செட்டோடு சைடு டிரம் அடித்து வந்தாய். அந்தச் சிவப்புக் கோட்டும் தொப்பியும் போட்டு நீ நடந்ததைக் கூடப் படித்த பையன்கள் பார்த்துவிட்டார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னார்களோ, அதன்பிறகு நீ அந்தக் கோட்டைத் தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ள எனக்கும்தான் பிடிக்காது. மே மாத வெயிலில் அதற்குள் நின்று பார்த்தவனுக்குத் தெரியும்.

சரி, அதை விடு. 2019-இல் நீ என்னைப் பாரிஸுக்கு வரவழைத்தாயே, அந்த ஜூன் 21-ஐப் பற்றித்தான் எழுத நினைத்தேன். அன்றைக்கு உன்னிடம் அதிகம் பேசவில்லை. கால்வலி என்று நீ நினைத்துக்கொண்டாய்.

இரவு பத்து மணி வரைக்கும் வெளிச்சம். வடக்கு ரயில் நிலையத்திலிருந்து சேன் மர்த்தேன் கால்வாய் வரைக்கும் நடந்தோம். மூலைக்கு ஒரு கூட்டம். ஓர் இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் கிட்டாரை வைத்துக்கொண்டு சுருதி சேராமல் கத்துகிறார்கள், அவர்களுக்கும் கைதட்டு. அடுத்த மூலையில் என் வயசுக்காரர் ஒருவர் அக்கார்டியனோடு தனியாக. அதைத் தாண்டினால் பிரேசில் தாளம், நெஞ்சுக்கூடு அதிர்கிறது. அப்புறம் அந்தப் பித்தளை வாத்தியக் குழு. ஃபன்ஃபார் என்று நீ சொன்னாய். ஓவியம், கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் இப்படிக் குழு வைத்துக்கொண்டு ஊதுவது பழைய வழக்கம் என்றும் சொன்னாய். டிரம்பெட், டிராம்போன், பெரிய டிரம், எல்லாம் நம் பேண்டு செட்டேதான்! ஆளுக்கொரு கோமாளி வேஷம். ஊதிய லட்சணத்துக்கு என் செட்டில் என்றால் பாதிப் பேரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஆனால் ஒருத்தன் முகத்திலும் "எப்போது முடியும்" என்கிற நினைப்பு இல்லை.

எனக்குப் பேச்சு வராமல் போனது அங்கேதான். நாற்பது வருஷம் தெருவில் ஊதினேன். மாப்பிள்ளை அழைப்பு, தேர், சாவு, கட்சி ஊர்வலம். தலையில் டியூப் லைட் சுமந்து வருகிற பெண்களுக்கு நடுவில், ஜெனரேட்டர் புகையில் நடந்துகொண்டே. நாங்கள் நடப்போம், ஜனங்கள் வாசற்படியில் நிற்பார்கள். ஒரு வீட்டைத் தாண்ட ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதற்குள் யார் என்ன கேட்டுவிட முடியும்? ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை கேட்டவர் யார் என்றால் ஜெனரேட்டர் வண்டியைத் தள்ளுகிறவர்தான். அங்கே அது தலைகீழ். பேண்டு நிற்கிறது, கூட்டம் நடக்கிறது. பிடித்தால் நிற்கிறார்கள், பிடிக்காவிட்டால் போகிறார்கள். அன்றைக்கு என்னைத் தாண்டி ஒரு தம்பதி போனார்கள், பத்தடி போய்த் திரும்பி வந்து அந்தக் கோமாளிகளுக்கு முன்னால் கடைசி வரை நின்றார்கள். என் டிரம்பெட்டுக்காக யாரும் அப்படித் திரும்பி வந்ததாக நினைவில்லை.

இந்த விழா 1982-இல் ஆரம்பித்ததாம். பிரான்சில் ஐம்பது லட்சம் பேருக்கு ஏதோ ஒரு வாத்தியம் வாசிக்கத் தெரியும் என்று ஒரு கணக்கெடுப்பு சொல்ல, அவ்வளவு பேரும் வீட்டுக்குள் எதற்கு வாசிக்க வேண்டும், தெருவுக்கு வரட்டும் என்று மொரீஸ் ஃப்ளூரே என்கிற இசைத்துறை அதிகாரியும் அமைச்சர் ஜாக் லாங்கும் முடிவு செய்தார்களாம். முதல் வருஷம் அரைமணி நேரம்தான். பெயரில்கூட ஒரு குறும்பு இருக்கிறது. 'ஃபெத் த லா மியுசிக்', இசை விழா என்றும் கேட்கும், 'இசை வாசியுங்கள்' என்றும் கேட்கும். இங்கே புதுச்சேரியிலும் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிற அலியான்ஸ் பிரான்சேஸ்காரர்கள் நடத்துகிறார்கள், பையன்கள் கிட்டாரோடு வருகிறார்கள். அங்கே ஒரு பேண்டு செட்டை நான் பார்த்ததில்லை. எங்களை யாரும் வரக்கூடாது என்றும் சொல்லவில்லை. முகூர்த்த நாளாக இருந்தால் நாங்கள் போகவும் மாட்டோம், அதையும் சொல்ல வேண்டும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். இலவசமாக வாசிப்பது எனக்கு முதலில் ஒப்பவில்லை. ஒருவன் சும்மா வாசித்தால் அடுத்தவன் பிழைப்பு என்ன ஆவது? அன்று ராத்திரி உன் சாக்ஸபோன் நண்பன்தான் விளக்கினான். அங்கே இசையே தொழிலாக இருக்கிறவர்கள் பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேர வேலைக்குக் கணக்குக் காட்டினால், வேலை இல்லாத நாட்களுக்குப் படி கிடைக்குமாம். எனக்குத் தூக்கமே வரவில்லை தம்பி. ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. அந்த இரண்டு மாதமும் சாவு ஆர்டரை நம்பித்தான் நம் அடுப்பு எரிந்தது. யாராவது சாக வேண்டும் என்று நினைக்கக்கூடாது, ஆனால் மளிகைக் கடைப் பாக்கி நினைக்க வைக்கும். உனக்கு மாசச் சம்பளம் இருக்கிறது. நீ ஒருநாள் சும்மா வாசிப்பதில் யார் சோற்றிலும் மண் விழாது. தாராளமாக வாசி.

இனி தொழில் சமாச்சாரம். முதலில் சுவரைப் பார்த்து இடம் பிடி. முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் சத்தம் முன்னால் போகும், திறந்த வெளியில் காற்றோடு கரைந்துவிடும். வீட்டில் சுருதி சேர்த்துக்கொண்டு வராதீர்கள். வெளியில் கால்மணி நேரம் நின்ற பிறகு சேருங்கள். குளிர ஆரம்பித்தால் பித்தளை இறங்கும், கிட்டார் கம்பி ஏறும், இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும். எனக்கு வெயிலில் பித்தளை ஏறித்தான் பழக்கம், அங்கே ராத்திரி நேரம் என்பதால் சொல்கிறேன்.

முக்கியமானது இதுதான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் டிரம்மை நிறுத்தாதே. ஊர்வலத்தில் நாங்கள் ஒரு பாட்டு முடிந்து மூச்சு வாங்கும்போதும் சைடு டிரம் நடை அடித்துக்கொண்டேதான் இருக்கும், நினைவிருக்கிறதா? நீ அடித்ததே அதுதான். மேடைக் கச்சேரியில் பாட்டு முடிந்தால் ஜனங்கள் நாற்காலியில் இருப்பார்கள். தெருவில் சத்தம் நின்றால் அவர்கள் கால் நடக்க ஆரம்பித்துவிடும். உங்கள் கிட்டார்க்காரன் அடுத்து என்ன பாட்டு என்று யோசிக்கிற நேரத்தில் நீ மெதுவாக உருட்டிக்கொண்டே இரு, கூட்டம் நிற்கும். உனக்கு முதுகு வலிக்கும், வலிக்கட்டும்.

கோட்டு ஒன்றும் போட வேண்டாம்.

அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள். நம் தெருக்காரர் ஒருவர் அடுத்த வாரம் பாரிஸ் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறோம். ஊறுகாயைத் துணிப் பெட்டியில் வைக்காமல் இருக்கச் சொல்லியிருக்கிறேன், கேட்பாரோ என்னவோ. அன்றைக்கு வாசித்து முடித்ததும் போன் செய். உனக்குப் பத்தரை என்றால் எங்களுக்கு ராத்திரி இரண்டு மணி. அம்மா தூங்கியிருப்பாள், என்னிடம் பேசு. எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று சொல்.

அன்புடன்,
அப்பா