சித்தி, இந்தத் தடவை பெஞ்சில் உட்கார வேண்டாம்

அன்புள்ள சித்தி,

பிப்ரவரிக்கு டிக்கெட் போட்டாயிற்று என்று தம்பி சொன்னதிலிருந்து இதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. போனில் சொன்னால் "வந்து பார்த்துக்கலாம்" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

போன தடவை நீங்கள் இங்கே சிட்னியில், குஜியில் (Coogee) இருந்த மூன்று வாரமும் தினமும் சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். தினமும் அதே பெஞ்ச், மடியில் செருப்பு, பார்வை மட்டும் தண்ணீர் மேல். ஒரே ஒரு நாள் கணுக்கால் நனைய நின்றீர்கள். தாமிரபரணியில் பாவாடையை மார்போடு ஏற்றிக் கட்டிக்கொண்டு இக்கரையிலிருந்து அக்கரை போய் வந்தவள் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிற அதே சித்தி! கல்யாணத்துக்கு அப்புறம் ஆற்றில் இறங்கவே இல்லை என்று அன்றைக்குப் பெஞ்சில் வைத்துச் சொன்னீர்கள். எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

கடற்கரையிலிருந்து தெற்கே பாறை மேட்டில் கொஞ்சம் நடந்தால் மெக்கைவர்ஸ் என்று ஒரு குளம் இருக்கிறது. பெண்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மட்டும்தான் அனுமதி. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பெண்கள் குளித்துவந்த இடம், 1922 முதல் ஒரு பெண்கள் நீச்சல் சங்கம் அதை நடத்திவருகிறது. ஆண்களை விடாதது பாகுபாடு இல்லையா என்று கேள்வி கிளம்பியபோது, 1995-ல் அரசே இந்தக் குளத்துக்கு விலக்கு கொடுத்துவிட்டது. வாசலில் கொஞ்சம் சில்லறை போட்டுவிட்டு உள்ளே போய்ப் படி இறங்கினால், அப்படியே பெண்கள் படித்துறைதான் சித்தி. எண்பது வயதுப் பாட்டிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள், முக்காடு போட்ட பெண்கள் வருவார்கள், பிள்ளை பெற்ற வயிற்றோடு வெயில் காய்பவர்கள் இருப்பார்கள், யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. முழுக்கை வைத்து, கணுக்கால் வரை மூடுகிற நீச்சல் உடை உங்கள் அளவில் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டேன்.

குளம் என்றதும் குளோரின் தொட்டியை நினைக்காதீர்கள். கடலோரப் பாறைத்தட்டில் ஒரு சுவர் கட்டியிருப்பார்கள், அவ்வளவுதான், ஏற்றத்தின்போது அலை அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே விழுந்து தண்ணீரைப் புதுசாக்கிவிட்டுப் போகும். சிட்னியில் மட்டும் இப்படி முப்பதுக்கும் மேல் இருக்கின்றன. கடலின் உப்பும் குளிர்ச்சியும் அப்படியே இருக்கும், இழுத்துக்கொண்டு போகிற நீரோட்டம் மட்டும் கிடையாது. பிப்ரவரியில் கடல் 23 டிகிரி போல இருக்கும், முதல் முழுக்குக்குத்தான் உடம்பு சிலிர்க்கும். கடல் கொந்தளிக்கிற நாளில் மட்டும் குளத்திலும் இறங்கக்கூடாது, அன்றைக்கு நாமும் இறங்க மாட்டோம்.

மெக்கைவர்ஸைத் தாண்டி இன்னும் தெற்கே போனால் வைலீஸ் பாத்ஸ் என்று இன்னொரு குளம், 1907-ல் ஹென்றி வைலி என்பவர் கட்டியது. அவர் மகள் மினா நீந்திப் பழகிய தண்ணீர் அது. 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில்தான் முதல்முறையாகப் பெண்களுக்கு நீச்சல் வைத்தார்கள். ஆண்கள் பார்க்கிற இடத்தில் பெண்கள் போட்டியிடக்கூடாது என்று இங்கே பெண்கள் நீச்சல் சங்கமே விதி வைத்திருந்ததால் மினாவும் அவர் தோழி ஃபேனி டூராக்கும் போவதே இழுபறியாகி, ஊர் முழுக்கக் குரல் கொடுத்த பிறகுதான் கப்பலேறினார்கள். 100 மீட்டரில் ஃபேனிக்குத் தங்கம், மினாவுக்கு வெள்ளி! மினாவுக்கு அங்கே ஒரு சிலை இருக்கிறது, கட்டாயம் பார்க்க வேண்டும்.

நீந்தி முடித்ததும், கடல் வற்றியிருக்கிற நேரமாக இருந்தால், பாறைக் குழிகளைப் பார்க்கலாம். குத்துக்கால் போட்டு ஒரே குழியைப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் படும். பாறையில் ஒட்டிய அரக்குச் சிவப்பு உருண்டை, ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி வழவழவென்று. தண்ணீர் மேலே ஏறியதும் அதுவே பூவாட்டம் விரியும், கடல் சாமந்தி அது. அப்புறம் பழுப்பு மணிகளைக் கோத்துப் போட்டது போல ஒரு பாசி. ஒவ்வொரு மணிக்குள்ளும் தண்ணீர் வைத்திருக்கும், வெயிலுக்கு வாடாமல் இருக்க. போன மாதம் ஒரு குட்டி நண்டு அந்த மணிகளுக்குள் புகுந்துகொண்டு கண்ணை மட்டும் நீட்டி என்னைப் பார்த்தது. சத்தியமாக உங்களைத்தான் நினைத்தேன்.

ஆனால் குழிக்குள் கையை விடக்கூடாது, காலிச் சிப்பியைக்கூட எடுக்கக்கூடாது. நீலவளைய ஆக்டோபஸ் எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும், சீண்டினால்தான் அந்த நீல வளையம் பளிச்சென்று தெரியும். கடித்தால் வலிகூடத் தெரியாமல் மூச்சு நின்றுபோகும், விஷமுறிவு மருந்தும் கிடையாது. நம் சின்னவனுக்கு நீங்கள் சொன்னால்தான் ஏறும், சொல்லி வையுங்கள்.

மணல் பக்கம் இறங்குவதென்றால் உயிர்காப்பாளர்கள் நட்டுவைக்கிற சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும்தான். அலை அடிக்காமல் கறுப்பாக, அமைதியாகத் தெரிகிற இடம்தான் ஆளை உள்ளே இழுக்கும். வடகிழக்குக் காற்று வீசினால் புளூபாட்டில் என்கிற, நீலக் குமிழி மாதிரி இருக்கிற கொட்டும் கடல் உயிர்கள் ஒதுங்கும். அதன் இழை பட்டால் பிய்த்தெடுத்துவிட்டு, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் இருபது நிமிஷம், சரியாகிவிடும். போன ஜனவரியில் எனக்கே பட்டது.

உங்கள் பழைய ஈரிழைத் துண்டு ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். இங்கே விற்கிற டவல் எல்லாம் காய ஒரு நாள் ஆகிறது, நாமோ மறுநாள் காலையிலேயே திரும்பப் போவோம்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்