சோலார் ஹீட்டர் வாங்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடைத்தெருக்களில் கீசர், சோலார் ஹீட்டர் விற்பனை களைகட்டும். கரண்ட் பில்லைப் பார்த்து மலைத்து, பழைய கீசரைக் கழற்றிவிட்டு மாடியில் சோலார் வைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் உள்மாவட்டங்களில் பத்து வருடம் உழைக்கும் அதே சாமான் ராமேசுவரத்திலும் கீழக்கரையிலும் இரண்டு, மூன்று வருடத்திலேயே ஒழுகத் தொடங்கிவிடுகிறது. "சோலாரே சரியில்லை" என்று மக்கள் திரும்பவும் கீசருக்குப் போய்விடுகிறார்கள். குற்றம் சோலாரில் இல்லை. நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை, தண்ணீரில்தான் சிக்கல். அதைப் பற்றி உங்கள் வாசகர்களுக்கு விளக்கமாகச் சொல்லவே இக்கடிதம்.

தொட்டி ஏன் ஒழுகுகிறது? பெரும்பாலான சோலார் தொட்டிகளின் உள்பகுதி 304 ரக எவர்சில்வர். இந்த ரகம் நல்ல தண்ணீருக்குக் கெட்டி. உப்பில் இருக்கும் குளோரைடும் சூடும் சேர்ந்தால் அதற்கு ஆகாது. துரு பரவலாகப் பிடிக்காது. வெல்டிங் ஓரத்தில் ஊசிமுனை அளவு குழி விழுந்து, அது உள்ளுக்குள்ளேயே துளைத்துக்கொண்டு போகும். வெளித்தகடு புதிதுபோலப் பளபளக்கும். தொட்டிக்கு அடியில், மூடி சேருமிடத்தில் மட்டும் சொட்டுச் சொட்டாக ஈரம் கசிந்து, காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதைப் பார்த்துவிட்டால் அந்தத் தொட்டியின் ஆயுள் முடிந்தது என்று பொருள். எம்-சீல் வைத்து அடைப்பது வீண் வேலை.

நம் கிணறுகளில் குளோரைடு எவ்வளவு எளிதாக ஏறும் என்பதற்கு ஒரு கணக்கு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு. 100 லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரே ஒரு லிட்டர் கடல்நீர் கலந்தாலும் லிட்டருக்கு 190 மில்லிகிராம் வந்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் 250 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியே இல்லாவிட்டால் 1,000 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. அது குடிப்பதற்கான அளவு. சூடான எவர்சில்வர் தொட்டிக்கு அந்த அளவு பொருந்தாது. குளோரைடு 200-ஐத் தாண்டினால் 304 தொட்டி வாங்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

ஆகவே முதல் வேலை, கடைக்குப் போவதற்கு முன் தண்ணீரைச் சோதிப்பது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மொத்த உப்பு, குளோரைடு, கடினத்தன்மை (சுண்ணாம்பு போன்ற உப்புகளின் அளவு) மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் கையில் வைத்திருக்கும் பேனா போன்ற டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பை மட்டும் காட்டும். அதில் குளோரைடு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. சித்திரை, வைகாசியில் கிணறு வற்றி உப்பு ஏறியிருக்கும்போது எடுத்த மாதிரிதான் உண்மை நிலவரத்தைச் சொல்லும். கார்த்திகை மழைக்குப் பிறகு எடுத்தால் தண்ணீர் நல்லதாகத் தெரிந்து ஏமாற்றிவிடும்.

குழாயில் காவிரித் தண்ணீர் மட்டும் வரும் வீட்டில் 304 போதும். போர் தண்ணீர் என்றால் கண்ணாடிப் பூச்சுக் கொடுத்த இரும்புத் தொட்டி, அதனுள் மெக்னீசிய ஆனோடு கம்பி. தொட்டிக்குப் பதிலாகத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் கம்பி அது. உப்புத் தண்ணீரில் வேகமாகக் கரையும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். விரல் பருமன் இருந்தது பென்சில் பருமனாகி, நடுவிலுள்ள இரும்புக் கம்பி எட்டிப் பார்த்தால் மாற்றிவிடுங்கள். இந்தக் கம்பியைப் பற்றி வாங்குபவர் கேட்பதுமில்லை, விற்பவர் சொல்வதுமில்லை. அது தீர்ந்த பிறகு பூச்சில் எங்கே கீறல் இருக்கிறதோ அங்கே இரும்பு அரிக்கத் தொடங்கும். மாலிப்டினம் சேர்ந்த 316எல் எவர்சில்வரும் 304-ஐவிட நன்றாகத் தாங்கும், விலை கூடுதல்.

பல வீடுகளில் காவிரி, போர், லாரித் தண்ணீர் மூன்றும் ஒரே சம்புக்குள் விழுகின்றன. அங்கே எந்தச் சோதனையும் நாளைக்குச் செல்லாது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு: வெந்நீருக்கென்று தனியாக 300 அல்லது 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை மாடியில் வைத்து, அதில் காவிரித் தண்ணீரை மட்டும் ஏற்றுவது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்குள்தான் வேண்டியிருக்கும். இரண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் விட்டாலும் தாக்குப்பிடிக்கும். மழைநீர் சேகரிப்புக் குழாயின் ஒரு கிளையை, முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, வடிகட்டி வழியாக இதே தொட்டிக்குத் திருப்பலாம். சோலாருக்குச் செலவழிக்கும் பணத்தில் சிறு பங்குதான் இதற்கு ஆகும். ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்பவர்கள் இதைச் செய்யட்டும்.

அடுத்து அளவு. நம் கரையில் மார்கழி விடியலிலும் மாடித் தொட்டித் தண்ணீர் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். குளிக்க 40 டிகிரி போதும். 55 டிகிரி வெந்நீரில் பாதியும் பச்சைத் தண்ணீரில் பாதியும் கலந்தால் அந்த 40 கிடைத்துவிடும். ஆக, 20 லிட்டர் வாளிக்கு 10 லிட்டர் வெந்நீர். நான்கு பேர் தலைக்கு ஒன்றரை வாளி குளித்தால் 60 லிட்டர், அடுப்படிக்கு 15 லிட்டர். கீசரில் இந்த 75 லிட்டரைச் சூடாக்க நாளொன்றுக்கு 2.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 150-க்கு மேல் ஆகும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளில் கட்டண அடுக்கே மாறி முந்தைய யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விலை ஏறுகிறது. அந்த 150 யூனிட்தான் பல வீடுகளை 500-க்கு மேலே தள்ளிவிடுகிறது.

எனவே இப்படிப்பட்ட வீட்டுக்கு 100 லிட்டர் சோலார் போதும். "எதற்கும் இருக்கட்டும்" என்று 200 லிட்டர் விற்கிறார்கள். அது வெறும் தண்டச் செலவோடு நிற்பதில்லை. வெற்றிடக் குழாய் (இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றை நீக்கிய கண்ணாடிக் குழாய்) வைத்த சோலாரில், செலவாகாத தண்ணீர் பங்குனி, சித்திரை வெயிலில் 80, 90 டிகிரிக்கு ஏறிக்கொண்டே போகும். 60 டிகிரிக்கு மேல் சுண்ணாம்பு வேகமாகப் படியும். எவர்சில்வரில் குழி விழுவதும் கூடும். பெரிய தொட்டி நம் தண்ணீரில் சீக்கிரம் சாகும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கோடையில் பாதிக் குழாய்களைத் தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள்.

கண்ணாடிக் குழாய் ரகமா, செம்புத் தகடு ரகமா என்று கேட்கிறார்கள். கடினத் தண்ணீரில் செம்புத் தகட்டின் மெல்லிய குழல்கள் சுண்ணாம்பில் அடைத்துக்கொள்ளும். உள்ளே தனிச் சுற்றில் நல்ல நீர் ஓடும் மாதிரியானால் பரவாயில்லை. கண்ணாடிக் குழாயைக் கழற்றிக் கழுவலாம் என்பதால் இங்கே அதுவே கைக்கு எளிது. கண்ணாடிக் குழாயின் அடிநுனியில் வெள்ளிப் பூச்சுப்போலப் பளபளப்பு தெரியும். அது பால்போல வெளுத்துவிட்டால் உள்ளிருந்த வெற்றிடம் போய்விட்டது. பகலெல்லாம் வெயில் பட்டாலும் அந்தக் குழாய் சூட்டைத் தாங்கி வைக்காது. வருடம் ஒருமுறை மாடிக்கு ஏறி எல்லா நுனிகளையும் பார்த்தால் போதும்.

பொருத்துவதில் நடக்கும் தவறுகள் தனிக்கதை. சோலார் தொட்டி, மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே தளத்தில் வைத்தால், மேல்தொட்டியில் தண்ணீர் பாதியாகும்போது சோலார் நிரம்பாது. காற்றுக்குழாய் மேல்தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே உயர்ந்து, வாய் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அதில் குளவி கூடு கட்டியோ உப்புப் படிந்தோ அடைத்துக்கொண்டால், தண்ணீர் இறங்கும்போது உள்ளே காற்று போக வழியில்லாமல் தொட்டியே உட்பக்கம் நசுங்கிவிடும். பச்சைத் தண்ணீர் வரும் குழாயில் திரும்பா வால்வு இல்லாவிட்டால் வெந்நீர் மேல்தொட்டிக்கே திரும்பி ஏறும். வெந்நீர் வரும் வழிக்கு சிபிவிசி குழாய்தான். சாதாரண பிவிசி இளகித் தொங்கிவிடும். முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் ஓடினால் அதற்குள் ஏறத்தாழ 4 லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கும், அரை அங்குலமானால் 2 லிட்டர். தண்ணீருக்கு இவ்வளவு அல்லாடும் ஊரில் காலையில் அந்த நான்கு லிட்டரைத் திறந்துவிடுவது நெஞ்சு பொறுக்கவில்லை. குளியலறைக்கு அரை அங்குலமே போடுங்கள். குழாயைச் சுற்றும் கறுப்பு ரப்பர் உறையைக் காகம் கொத்தும், வெயில் பொடியாக்கும்; மேலே அலுமினிய டேப் சுற்றினால் நிற்கும்.

தாங்கும் சட்டம் பெயிண்ட் அடித்த இரும்பாக இருந்தால் உப்புக் காற்றில் உதிர்ந்துவிடும். துளையெல்லாம் போட்ட பிறகு துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டமும் எவர்சில்வர் போல்ட்டும் கேட்டு வாங்குங்கள். ஆடிக் கச்சானும் ஐப்பசிப் புயலும் வரும் கரை இது. தட்டோட்டுத் தளத்தைத் துளைத்தால் மழை ஒழுகும்; அதனால் சட்டத்தின் ஒவ்வொரு காலையும் கான்கிரீட் கட்டைக்குள் புதைத்து, கைப்பிடிச் சுவரோடு கம்பியால் இழுத்துக் கட்டுங்கள். சோலார் தெற்கு பார்த்து 20, 25 டிகிரி சாய்ந்திருக்கட்டும். சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி முற்பாதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். ஆனால் நமக்கு வெந்நீர் தேவைப்படும் மார்கழியில் அது தெற்கே 30 டிகிரிக்கும் மேல் இறங்கி நிற்கும்.

தண்ணீர் தீர்ந்து காய்ந்துகிடக்கும் கண்ணாடிக் குழாயில் நண்பகலில் தண்ணீர் விட்டால் பட்டென்று வெடிக்கும். ஒரு குழாய் உடைந்தால் தொட்டித் தண்ணீர் முழுவதும் போய்விடும். விடியலிலோ, பொழுது சாய்ந்த பிறகோ நிரப்புங்கள். கடல் தூறல் படியும் உப்பை வாரம் ஒருமுறை காலையிலேயே நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், மாடி இல்லாதவர்களுக்கும் கீசர்தான் வழி. நட்சத்திரக் குறி கூடுதலாக உள்ள 10 அல்லது 15 லிட்டர் கண்ணாடிப் பூச்சுக் கீசர் வாங்கி, 50, 55 டிகிரியில் வைத்து, குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு போட்டு அணைத்தால் ஒரு தடவைக்கு அரை யூனிட்தான். நாள்கணக்கில் வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் கிருமி வளரும் என்பதால், வாரம் ஒருமுறை 60 டிகிரிக்கு ஏற்றிவிடுங்கள். சூடேறும்போது 'சடசட' என்று சத்தம் கேட்டால் எலிமென்டில் சுண்ணாம்பு ஏறிவிட்டது. மெயினை அணைத்து, தண்ணீரை வடித்து, எலிமென்டைக் கழற்றி, 5 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 200 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். கழிப்பறை ஆசிட் ஊற்றவே வேண்டாம். சுண்ணாம்போடு உலோகத்தையும் தின்றுவிடும். மாட்டும்போது புது வாஷர் போடுங்கள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதில் பாயும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத குளியலறையில் கீசர் வேண்டாம்; வாளியில் போடும் ஹீட்டர் கம்பி வேண்டவே வேண்டாம். ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், உப்புக் காற்றில் அதுவும் இறுகிப்போகும்.

ராமேசுவரம் விடுதிகளுக்கு ஹீட் பம்ப் நல்ல தேர்வு. காற்றிலுள்ள சூட்டை இழுத்துத் தண்ணீருக்குத் தருவதால் கீசரின் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமே ஆகும். நம் வெப்பக் காற்று அதற்குச் சாதகம். ஆனால் கடலைப் பார்த்தபடி வைக்கக் கூடாது. அலுமினிய இதழ்களுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு இருக்கிறதா என்று கேட்டே வாங்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் கிடைக்கும் மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் என்பதெல்லாம் மாடியில் மின்சாரம் தயாரிக்கும் தகடுகளுக்கானது. வெந்நீர் சோலாருக்கு அது கிடையாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசி முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கடைக்காரர்களிடம் எங்கள் வேண்டுகோள்: உள்தொட்டி எந்த ரகம், ஆனோடு கம்பி உண்டா, உத்தரவாதம் எவ்வளவு உப்பு வரை செல்லும் என்ற மூன்றையும் பில்லிலேயே தமிழில் எழுதிக் கொடுங்கள். பல உத்தரவாத அட்டைகளில் தண்ணீரின் தன்மைக்கு வரம்பு பொடி எழுத்தில் இருக்கிறது. ஒழுகிய பிறகுதான் வாங்கியவர் அதைப் படிக்கிறார். மாவட்ட நிர்வாகத்திடமும் ஒன்று கேட்கிறோம். ஆண்டுதோறும் சித்திரையில் ஊராட்சிவாரியாகக் கிணற்றுத் தண்ணீரின் குளோரைடு, கடினத்தன்மை அளவுகளை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போடட்டும். குடிநீருக்கும் அது உதவும்.

இப்படிக்கு,
வீட்டுக் குழாய், மின்பணியாளர்கள்,
மண்டபம் – ராமேசுவரம் வட்டாரம்.